செவ்வாய்க்கிழமை பிறக்ரிஸுக்கு வரமாட்டான்

வழிகாட்டல் ஆசிரியர் வேலையில் வழி காட்டுவது சுலபம். குறுக்கே நிற்கும் பெரியவர்களை விலத்துவதுதான் சம்பளத்துக்குரிய வேலை. பெற்றோர் சந்திப்பு முடிந்து, காருக்குள் கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆசிரியர்களே, நாங்கள் ஒரே கட்சி. எங்கள் ஸ்காபரோப் பள்ளியில் கடைசி வருஷம் படித்த நிரோஷின் கதை உங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

பந்தைத் தொடாத பிள்ளை

நிரோஷ் பௌதிகத்தில் கெட்டிக்காரன். சிவில் எஞ்சினியர் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. அதே அளவு ஆசை ஃபுட்போலிலும். உதைபந்து இல்லை; ஹெல்மெட் போட்டு ஆளையாள் முட்டித் தள்ளும் இந்த நாட்டு ஆட்டம். எதிரணிக்காரரை மறித்து, பந்தோடு ஓடுகிறவனுக்கு இடம் எடுத்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றும் இங்கேயே உள்ள ஒன்ராறியோப் பல்கலைக்கழகம் ஒன்றும் தங்கள் அணிக்கு வரச்சொல்லி அவனைக் கேட்டுக்கொண்டிருந்தன.

தகப்பன் ராசன் அண்ணை ட்ரக் ஓடுகிறவர். விளையாட்டை விடச்சொல்லி மகனுக்கு நான் புத்தி சொல்லவேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்தார். ஒரு ஆட்டமாவது பார்த்தீர்களா அண்ணை என்று கேட்டேன். மனுஷன் கொதித்துப்போனார்.

"பாத்தனான் ரீச்சர். குளிருக்கை நிண்டு முழுக்கப் பாத்தனான். உவன் ஒருக்காக்கூடப் பந்தைத் தொடேல்லை. பந்தைத் தொடாதவனைக் காசு குடுத்துக் கூப்பிடுறாங்கள் எண்டால் அது என்ன கல்லூரி ரீச்சர்?"

ஃபிசிக்ஸ் வாத்தியார்

அவன் விளையாடுவதே சொந்தக்காரருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், தம்பி ரியூசனுக்குப் போய்விட்டான் என்பார்கள் வீட்டில். ஹெல்மெட்டும் தோள்கவசமும் காரின் டிக்கிக்குள்ளேயே குடியிருந்தன. களவெடுத்த சாமான் மாதிரி ஒரு பிள்ளை தன் விளையாட்டை ஏன் ஒளிக்கவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

ஒருநாள் கலியாணக் காட் கொடுக்க வந்தவர்கள் ஹோலில் இருக்கும்போது அமெரிக்கக் கல்லூரியின் கோச் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார். ராசன் அண்ணை பதற்றத்தில் ஸ்பீக்கரை அமத்திவிட, கோச்சின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "இது உவனுக்கு ஃபிசிக்ஸ் படிப்பிக்கிற வாத்தியார்" என்று சமாளித்தும் பார்த்தார். வந்திருந்த மாமி ஒருவருக்கு ஆங்கிலம் நல்லாக விளங்கும். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ராசன் அண்ணையிடம் கேட்டதை நிரோஷின் தாய் சுகந்தி பிறகு என்னிடம் அப்படியே சொன்னார்.

"ஏன் தம்பி, ஃபிசிக்ஸ் படிப்பிக்கிறவர் எதுக்குப் பிள்ளையின்ரை நிறையைக் கேக்கிறார்?"

லாப்பும் முழங்காலும்

அந்தக் கோச் பிறகு நேரிலேயே வந்தார். எங்கள் பள்ளிக் கோச்சும் நிரோஷும் பக்கத்தில் இருக்க, என் அறையில் வைத்து முழு ஸ்கொலர்ஷிப் என்று அறிவித்தார். நல்ல மரியாதையான மனுஷன். எஞ்சினியரிங் படிக்கலாமோ என்று நிரோஷ் கேட்டதும் அவர் குரல் இறங்கியது. எஞ்சினியரிங் லாப் வகுப்பு எல்லாம் பின்னேரத்தில், பிறக்ரிஸ் என்கிற அணிப் பயிற்சியும் பின்னேரத்தில். ஆகவே தங்கள் பையன்கள் பெரும்பாலும் லேசான பாடம்தான் எடுப்பார்களாம்.

முதல் வருஷமே முழங்கால் போனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். ஸ்கொலர்ஷிப்பை ஒவ்வொரு வருஷமும் பார்த்துத்தான் புதுப்பிப்போம் என்றார். முழங்காலும் இல்லை, எஞ்சினியரிங்கும் இல்லை என்று பிள்ளை திரும்பி வந்தால் நான் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது? அப்படியென்றால் நீங்கள் கேட்பது மாணவனை இல்லை, முழங்காலை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் போனபிறகு எங்கள் கோச் கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் பொரிந்தார். தமிழில் இப்படி வரும்.

"நீ மார்க்ஸை மட்டும் பார். அவனுடைய கனவில் கை வைக்காதே."

சனத்துக்கு என்ன சொல்லுவது?

கை வைக்கத்தான் செய்தேன். ஒன்ராறியோக் கோச்சுக்கு நிரோஷையே போன் எடுக்கவைத்தேன். எஞ்சினியரிங் எடுத்தால் செவ்வாய்க்கிழமை லாப் இருக்கிறது, பிறக்ரிஸுக்கு வரமுடியாது என்று அவனே சொன்னான். சரி, ஆனால் முதல் வருஷம் பெரும்பாலும் ஆடாமல் ஓரத்து வாங்கில்தான் இருப்பாய், ஸ்கொலர்ஷிப்பும் சின்னது என்றார் அவர். பொய் சொல்லாத கோச்.

அதற்குள் 'முழு ஸ்கொலர்ஷிப்' என்ற சொல் ராசன் அண்ணையின் காதில் விழுந்துவிட்டது. ஆள் தலைகீழாக மாறிவிட்டார். விளையாட்டைக் கரித்துக் கொட்டியவர், அஜக்ஸிலிருந்து ஒஷாவா வரைக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி சொல்லிவிட்டு, என் அறையில் நடந்த கடைசிச் சந்திப்பில் எங்கள் கோச்சின் பக்கத்தில் வந்து இருந்தார். சுகந்தி என் பக்கம். "அமெரிக்காவுக்குப் போ தம்பி. லேசான பாடத்தை எடு. சனத்துக்கு எஞ்சினியரிங் எண்டு சொல்லுவம்" என்றார் தகப்பன்.

இவ்வளவு நாளும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த பெடியன் எழும்பி நின்றான். என் அறை சின்னதாகப் போய்விட்டது.

"காணும் அப்பா. இவ்வளவு நாளும் விளையாட்டை ஒளிச்சன். அங்கை போய்ப் படிப்பை ஒளிக்கமாட்டன். ஐம் டன். ஒன்ராறியோவுக்குத்தான் போறன், வாங்கிலை இருந்தாலும் பரவாயில்லை."

அடுத்த கிழமை கோச்சும் ராசன் அண்ணையும் சேர்ந்து, பிள்ளை தங்கள் சொல் கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று என்மேல் பள்ளி அதிபருக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். ஒரு பிள்ளை தானாக முடிவெடுத்துவிட்டது என்பதற்கு இந்தத் தொழிலில் இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.