தீவுக்குப் போயும் அடுப்படியா?

போன வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு விட்ட சமயம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கடலுக்குள் இருக்கிற ஒரு சின்னத் தீவில் நடந்தது. தீவுக்குப் பெயர் வேண்டாம். கரையிலிருந்து ஒரு ஒடுக்கமான பாலம் உண்டு. அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான்.

என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. முத்தையாபுரத்தில் வீடு. ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அங்கே ஆக்கி வைத்துவிட்டு வந்து வீட்டில் ஆக்குவேன். வீட்டுக்காரர் தோணியில் போகிறவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர நாளாகும். கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஆனால் கடலைப் பார்த்து நான் உட்கார்ந்தது கிடையாது. பஸ் ஜன்னலில் தெரியும். அவ்வளவுதான்.

கொழுந்தன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். வீட்டுக்காரரும் தோணியிலிருந்து இறங்கி வீட்டில் இருந்தார். அவன்தான் போனில் தேடி அந்தத் தீவில் ஒரு காட்டேஜ் பிடித்தான். அங்கே ஓட்டல் கிடையாது. நாமே சமைத்துச் சாப்பிட வேண்டும். “அடுப்பு, பாத்திரம், பிரிட்ஜ் எல்லாம் இருக்கு மதினி. இருக்குற வரைக்கும் உங்க கைச் சாப்பாடுதான்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன். அரிசி, புளி, மசாலாப் பொடி, தேங்காய் என்று மூட்டை கட்டினதும் நான்தான். மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாகப் போனோம்.

நல்ல இடம். வெள்ளை மணல். காட்டேஜ் முன்னால் ஒரு குட்டைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். ஆனால் அடுப்படி பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் ரூம் சுவர்.

போன அன்றைக்குச் சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் பெண்டாட்டி கைப்பிள்ளைக்காரி, அவளை உதவிக்குக் கூப்பிட முடியாது. திடீரென்று முன்னால் ஒரே சத்தம். “ஓங்கில்! ஓங்கில் துள்ளுது!” என்று என் மகள் கத்தினாள். டால்பினை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். நான் போகும்போது வெறும் தண்ணீர்தான் இருந்தது. “போனில் எடுத்திருக்கேன் மதினி, பாருங்க” என்று கொழுந்தன் காட்டினான். பார்த்தேன். திரும்பிப் போய் வெங்காயத்தை உரித்தேன்.

யாரும் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் கொழுந்தன் வள்ளக்காரர்களிடம் நண்டும் கணவாயும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். “மதினி, மத்தியானத்துக்கு நண்டுக் குழம்பு, கணவாய் வறுவல்.”

“நான் ஆக்கல” என்றேன்.

அவன் சிரித்தான். “என்ன மதினி, ஸ்டிரைக்கா? கேன்டீன்ல யூனியன் ஆரம்பிச்சாச்சோ?”

“ஆமா. கொடி ஒண்ணுதான் பாக்கி” என்று சொல்லிவிட்டுப் போய் அந்தக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் வந்தார். முகம் கறுத்திருந்தது. “ஏளா, உள்ள போ. எதுன்னாலும் பொறவு பேசிக்கிடலாம்.”

“பேச ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் லீவு. எனக்கும் லீவு.”

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “விடுலே. இந்தக் காலை வச்சுக்கிட்டு நானே ஆக்குதேன். கேட்டா ஊரு சிரிக்கும்.”

“உக்காருங்க அத்தை. உங்களுக்கும் லீவுதான். இங்கன ஊரு எங்க இருக்கு? கடல்தான் இருக்கு.”

“அப்ப யாரு ஆக்குவா?” என்று வீட்டுக்காரர் கத்தினார். பக்கத்துக் காட்டேஜில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் சத்தம் போடவில்லை. “தோணியில பொம்பளையா ஆக்குதா? நீங்கதான் முறை வச்சு ஆக்குதிய. தம்பி துபாய் ரூம்ல முறை வச்சுத்தான் ஆக்குதான். கடல் தாண்டினா ரெண்டு பேருக்கும் சமையல் தெரியுது. இப்பவும் பாலம் தாண்டித்தானே வந்திருக்கோம்? நாலு பக்கமும் தண்ணி. தோணின்னு நினைச்சுக்கிடுங்க.”

அவர் மணலை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அவர் ஒரு வார்த்தை, “கிளம்புங்க” என்று சொன்னால் போதும். எல்லாரும் மூட்டையைக் கட்டி வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிள்ளைகள் லீவு என்னால் போச்சு என்று ஆகிவிடும். என் மகள் வந்து, “அம்மா, பசிக்கு” என்றாள். “அப்பாகிட்ட சொல்லு” என்றேன். எழுந்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. மாமியார் பக்கத்தில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் போகக் காத்து நின்றது. தண்ணீர் ஓர் இடத்தில் பச்சை, ஓர் இடத்தில் நீலம். ஓங்கில் வரவில்லை. வராவிட்டால் என்ன? வந்தால் பார்க்கிற இடத்தில் இருந்தேன்.

அப்புறம் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. நண்டு உடைக்கிற சத்தம்.

“ஏலே, புளியை இப்ப ஊத்தாதலே! மசாலா வேகட்டும்!”

“எங்க ரூம்ல இப்பிடித்தான் ஊத்துவோம்ணே.”

“ஒங்க ரூம்ல தின்னுட்டு உசுரோட இருக்கீங்களா?”

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “மிளகாய்ப் பொடியை அள்ளிக் கொட்டிருவான்” என்றார். ஆனால் அவரும் எழுந்து போகவில்லை.

சாப்பாட்டை வீட்டுக்காரரே கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. குழம்பு தோணிச் சமையல்தான், செக்கச் செவேல் என்று காரம். சோறு குழைந்திருந்தது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“உப்பு போதுமாளா?” என்று கேட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடம் ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரம் என்று வைத்துக்கொண்டேன்.

“கொஞ்சம் கம்மி” என்றேன். உண்மையிலேயே கம்மிதான். அவர் போய் உப்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

மிச்ச நாட்கள் முறை வைத்தோம். என் முறைக்கு நான் ஆக்கினேன், குறை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைத்தேன். பாதி ஆகிவிட்டது. பாதி ஆகவில்லை. தோணியிலிருந்து வந்தால் வாரத்தில் ஒரு நாள் அவர் முறை. சொந்தக்காரர்கள் வந்திருந்தால் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். “அடுப்புல தீயுது” என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவேன். வந்துவிடுவார். மாமியார் அந்தத் தீவுக் கதையை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும்.

அந்தச் சுவரில் எனக்கு யாரும் இடம் போட்டுத் தரவில்லை, நானாகத்தான் போய் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை.