ஆடு பஸ்ஸில் போகும்

எங்கள் கம்பெனி பேருந்தில் படம் காட்டும் டிவி கிடையாது. டிரைவர் அண்ணனின் பென் டிரைவ் மட்டும்தான். திருப்பத்தூர் பக்கத்து ஊர்களில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூரில் ஷூ கம்பெனி கேட்டில் இறக்கிவிடும்வரை அது பாடும். பாட்டு சலித்துப்போனால் சினிமா காமெடி ஓடும். பல படங்களை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனால் காமெடி மட்டும் தலைகீழாகத் தெரியும். பாத்திரம் உருளும் சத்தம் வந்தால் அடுத்து ஓர் அறை விழும். யார் கன்னத்தில் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சிரிப்போம்.

நான் தையல் பிரிவில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது வேலை. மெஷின்கள் போடும் கூச்சலில் அங்கே பாட்டு எடுபடாது. பேசினால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குப் போனால் அடுப்பு காத்திருக்கும். உட்கார்ந்து படம் பார்க்க எங்களில் யாருக்கு நேரம்? காதுக்கு மட்டும்தான் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டோ, ஜன்னலோரம் பாதித் தூக்கத்திலோ கேட்டுக்கொள்ளலாம். கிடைப்பதே போதும் என்று தத்துவம் பேச நான் ஆள் இல்லை. போதாதுதான். ஆனால் அந்தக் கொஞ்சமும் போனபிறகு நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிட்டது.

என் கணவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். பேருந்தில் ஓடும் அதே காமெடிகளைத் தன் போனிலும் ஏற்றி வைத்திருந்தார். மாலையில் அடுப்படி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்குக் காய் நறுக்கித் தருவார். அதுவரை தங்கமான மனுஷன். காமெடி ஆரம்பித்ததும் முடிவைச் சொல்லிவிடுவார். அது ஒன்றுதான் அவரிடம் எனக்குத் தாங்காது.

எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தது ஆட்டுக் காமெடி. ஆட்டை விற்க சந்தைக்குப் போகிறவன் அதையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறான். ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு சண்டை. அது வளர்ந்து வளர்ந்து கடைசியில் அவனை இறக்கிவிட்டு பஸ் கிளம்பிவிடும். முதல் விசில் ஊதுவதற்கு முன்பே இவர் சொல்வார்: "கடசில ஆடு பஸ்ல போவும். அவன் நடந்து போவான்." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை எல்லாம் மறந்துபோகும். "யோவ், அதுக்குள்ள சொல்ட்டியே! ஒரே ஒரு தபா இத்த முழுசா கேக்க வுடுய்யா" என்று கரண்டியை ஓங்குவேன்.

"முடிவு தெரிஞ்சிட்டா பயமில்லாம சிரிக்கலாம்ல" என்பார். காமெடியில் என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போன வருடம் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. எல்லாவற்றுக்கும் முடிவை முந்திச் சொன்ன மனுஷன் தன்னுடையதை மட்டும் சொல்லவே இல்லை.

காரியம் முடிந்து, மகளும் வேலூரில் காலேஜ் விடுதிக்குத் திரும்பிய பிறகு நான் வேலைக்குக் கிளம்பினேன். மாமியார் டிவிமேல் பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தார். வீடுதான் அப்படி, பேருந்தில் ஏறினால் நாலு குரல் கேட்கும் என்று நம்பிப் போனேன். நான் படியில் கால் வைத்ததுமே டிரைவர் அண்ணனின் கை பாட்டை நிறுத்தியது. ஆம்பூர்வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான். மறுநாளும் அப்படியே. துக்கத்தில் இருப்பவள் முன்னால் பாட்டுப் போடுவது முறையில்லை என்று அவர்களுக்குள் பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

ஒருநாள் முன் சீட்டில் இருந்த சின்னப் பெண் காதில் இயர்போனோடு தோள் குலுங்கச் சிரித்தாள். எதேச்சையாகத் திரும்பியவள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாரிக்கா" என்றாள். என் புருஷன் செத்ததற்கு அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? என் முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிப்பை விழுங்குகிறது என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

போடச் சொல்லலாம் என்றால் பயம். புருஷன் போய் முழுசா ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள இவளுக்குக் காமெடி கேக்குதா என்பார்கள். பேருந்தில் சொன்னது நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊருக்குப் போய்விடும். எனக்கோ அந்தக் குரல்கள் வேண்டும். அவரோடு சேர்ந்து கேட்ட குரல்கள் அவை. இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் கிடந்தேன். கடைசியில் என் கோபம்தான் உதவிக்கு வந்தது.

"அண்ணா, முன்ன மாதிரி எதுனா போடுங்க" என்றேன்.

"வேணாம்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார் அவர்.

பக்கத்து சீட் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கோசரம்தானே எல்லாரும் சும்மா வர்றோம்."

"எனக்கோசரம்னா என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மறுநாள் சமாதானம் மாதிரி பக்திப் பாட்டுப் போட்டார்கள். உருக்கமான பாட்டு. அவரைக் கிடத்தியிருந்த அன்று எங்கள் வாசலில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டதும் இதே ரகம்தான். இரண்டு ஊர்கள் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

எழுந்து நின்றேன். "இத்த நிறுத்துங்கண்ணா! அன்னிக்கு எங்க ஊட்ல பூரா இதான் பாடுச்சி. ஆட்டுக் காமெடியப் போடுங்க. பேசுறவங்க என் மூஞ்சிக்கு நேரா பேசட்டும்."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

ஆடு கத்தியது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் என் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. கேட்டு வாங்கியாயிற்று, ஆனால் எனக்கே சிரிப்பு வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோம், இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கண்டக்டர் விசிலை எடுக்கும் இடம் வந்தது. அந்த இடத்தில் எப்போதும் வரும் அவருடைய குரல் வரவில்லை. அந்த இடைவெளி எனக்குப் பொறுக்கவில்லை.

"கடசில ஆடு பஸ்ல போவும். அவன் நடந்து போவான்" என்றேன், பேருந்து முழுக்கக் கேட்கும்படி.

முன் சீட்டுப் பெண் வெடுக்கென்று திரும்பினாள். "இன்னாக்கா நீ! அதுக்குள்ள சொல்ட்டியே!"

அவள் முகத்தில் இரக்கம் துளிகூட இல்லை. சுத்தமான எரிச்சல். அத்தனை நாளில் ஒருவரும் எனக்குத் தராத மரியாதை அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசி சீட்டில் யாரோ ஆடு மாதிரி கத்தினார்கள், பேருந்தே சிரித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் எதற்காக முந்திச் சொன்னார் என்றும் கொஞ்சம் புரிந்தது. முடிவைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது.

ஊரில் பேசினார்கள்தான். பேசிவிட்டு ஓய்ந்தார்கள்.

பேருந்தில் சிரித்த அன்று மாலை அவருடைய போனை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்து அதே காமெடியைப் போட்டேன். காயை நானே நறுக்கிக்கொண்டேன். விசில் ஊதியது, சண்டை நடந்தது, அவன் இறங்கினான், பஸ் கிளம்பியது. இத்தனை வருடம் நான் கெஞ்சிக் கேட்டபடியே, யாரும் குறுக்கே பேசாமல் அது முழுசாக ஓடி முடிந்தது.

நன்றாகவே இல்லை.