கிருபாபாயின் சம்மதம்

கிருபாபாய் என்ற பெயரைப் பரிபூரணம் முதன்முதலாகக் கேட்டது, ஒரு சுருட்டிய காகிதத்தைப் போதகர் பிரித்து வாசித்தபோதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய வீட்டு முன்னறை. மேஜையில் வேதப்புத்தகம், அதன் மேல் ஒரு எவர்சில்வர் செம்பு, செம்புக்குள் மூன்று சீட்டு. மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டுப் போடுகிற திருவுளச்சீட்டு அது. ஆண்டவருடைய சித்தம் இன்னதென்று அறிய அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி தெரியாது. எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போவதா திருநெல்வேலிக்குப் போவதா, எல்லாவற்றுக்கும் அந்தச் செம்புதான் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது பதில் சொன்னது அவள் தம்பி தங்கச்சாமியின் கல்யாணத்துக்கு.

மூன்று பெண்களின் பெயர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி வத்திராயிருப்பில் டீச்சர். இன்னொருத்தி சாத்தூரில் நர்ஸ். பரிபூரணத்துக்கு அவள் மேல்தான் கண். மூன்றாவது, யாரும் பார்த்திராத பெண். "ரெண்டு பேரை மட்டும் எழுதினா ஆண்டவருக்கு நாமளே வழியை அடைக்க மாதிரி ஆயிரும்" என்று போதகரின் மனைவி எழுதிச் சேர்த்த பெயர். அதுதான் வந்தது.

"யாருங்கம்மா இந்தக் கிருபாபாய்?" என்று போதகரின் மனைவியிடம் கேட்டாள் பரிபூரணம்.

"ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறி ஓட்டுத பிள்ளை. தகப்பன் இல்ல. தாய்க்குக் கண்ணு மங்கல்."

பரிபூரணத்தின் முகம் விழுந்துபோனது. ஆனாலும், "ஆண்டவர் காட்டினா சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவளால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஏன் என்பதற்கு அவள் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிபூரணம் கூமாப்பட்டி மாசிலாமணி உபதேசியாரின் மூத்த மகள். தாய் போனபோது அவளுக்குப் பதினாறு வயது, தங்கச்சாமிக்கு நாலு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் அவள் வீட்டுப் பாரத்தையெல்லாம் சுமந்தாள். பத்தொன்பதில் சீட்டுப் போட்டு ஆசீர்வாதம் என்ற மில் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குடிக்கிற மனிதர். குடித்தால் கை நீட்டுவார். பதினாலு வருஷம் அவளைப் படுத்திவிட்டு, ஈரல் கெட்டுப் போய்ச்சேர்ந்தார். பிள்ளை இல்லை. "எப்பிடித்தான் பொறுத்தியோ" என்று யாராவது கேட்டால், "சீட்டுல வந்தவுக, என்ன செய்ய?" என்பாள். பதினாலு வருஷத்தையும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். அப்படிப்பட்டவள் தம்பிக்கு வந்த சீட்டை எப்படித் தள்ளுவாள்?

மறுவாரம் பழத்தட்டோடு சத்திரப்பட்டிக்குப் போனாள். கிருபாபாய் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தாள். உயரமான, கறுத்த, எலும்பு தெரிகிற உடம்பு. வயது இருபத்தெட்டு. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிறவளுக்கு மெதுவாகப் பேச வராது. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து "குடிங்கக்கா" என்றதே தெருக்கோடி வரை கேட்டது.

"மூணு நாள் உபவாசமிருந்து போட்ட சீட்டு, தாயி. உன் பேருதான் வந்திருக்கு. இது மனுசர் செஞ்சதில்ல" என்றாள் பரிபூரணம்.

"சந்தோசம்க்கா. உங்க வீட்டுக்கு வந்துருச்சு. எனக்கு இன்னும் ஒண்ணும் வரலியே."

"நீயும் சீட்டுப் போட்டுப் பாரேன்."

"நான் போடுததில்லக்கா."

பக்கத்துத் தறியில் வேலை பார்க்கிற முனீஸ்வரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, மாப்பிள்ளை பட்டாளத்துல டிரைவராம். காஷ்மீர் பாக்கலாம். உனக்கு வேண்டாம்னா சீட்டுல என் பேரை மாத்தி எழுதச் சொல்லு" என்று சிரித்தாள்.

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆண்டவர் சித்தத்தை வேண்டாங்கிறியா?"

"வேண்டாம்னு சொல்லலக்கா. ஆமாங்கவும் இல்லைங்கவும் எனக்கு ஒரு வாய் வச்சுத்தான படைச்சிருக்காரு? வாயைக் குடுத்துட்டு, பேசாதேம்பாரா? அவிய என்னையப் பாத்ததில்ல, நான் அவியளப் பாத்ததில்ல. பாக்காமலே ஆமான்னா அது பொய்யில்லையா?"

தாய் பொன்மணி உள்ளே இருந்து, "ஏட்டி, வந்தவுகள்ட்ட இப்படியா பேசுவ?" என்று அதட்டினாள். கிருபாபாய் வீம்புக்காரிதான், ஆனால் மரியாதை தெரிந்தவள். வாங்கிக்கொள்ளாத பழத்தட்டைத் தானே சுமந்துகொண்டு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். அங்கேயும் பரிபூரணம் விடவில்லை.

"எல்லாத்தையும் அவரு முன்னமே குறிச்சு வச்சிருக்காரு, தாயி. நாம மாத்த ஏலாது."

ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்!" என்று கத்திக்கொண்டிருந்தார். கிருபாபாய் அவரைக் கைகாட்டினாள்.

"அந்தா பாருங்க. பஸ்ஸு எங்க போகும்னு முன்னமே எழுதி மாட்டியாச்சு. யாரு ஏறுவா, யாரு ஏறமாட்டான்னு மூஞ்சியப் பாத்தாலே அவருக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாரையும்தான கூப்பிடுதாரு? யாரையாச்சும் குண்டுக்கட்டாத் தூக்கி உள்ள போடுதாரா?"

"ஏறாதவன் நிப்பான். பஸ்ஸு போயிரும்."

"அடுத்த பஸ்ஸு வரும்லக்கா. அதுலயும் கூப்பிடுவாக."

பரிபூரணம் ஏறி உட்கார்ந்தாள். மடியில் இருந்த தட்டில் வாழைப்பழம் நசுங்கிக்கொண்டே வந்தது. அவளுக்குக் கோபம் கிருபாபாய் மேல்தான். ஆனால் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூவுவதைக் காது தானாகக் கேட்டுக்கொண்டே வந்தது.

லீவில் வந்திருந்த தங்கச்சாமி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். மறுநாள் அக்காளிடம் சொல்லாமல் தானே பஸ் ஏறிப் போய்த் தறிக்கூடத்து வாசலில் நின்றான். "சீட்டு கிடக்கட்டும். அக்கா சொல்லிட்டுப் போக வந்தா. நான் கேட்டுட்டுப் போக வந்திருக்கேன்" என்றானாம். கிருபாபாய் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ளச் சம்மதிப்பானா, கோபம் வந்தால் கை நீட்டுவானா என்று இரண்டே கேள்வி கேட்டாளாம். பத்து நிமிஷப் பேச்சு. "அடுத்த லீவுக்குள்ள பதில் சொல்லுதேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த லீவில் அவன் வந்த நாலாம் நாள், வத்திராயிருப்பு ரோட்டில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் அவன் பைக்கில் மோதியது. மதுரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சபையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தப் பிள்ளை தப்பித்தாள், ஆமாம் என்று சொல்லவிடாமல் அவள் வாயைக் கட்டியது ஆண்டவர்தான் என்றது ஒரு கட்சி. வந்த சீட்டை அவள் உதைத்தாள், அதனால்தான் இவனுக்குக் கால் போனது என்றது இன்னொரு கட்சி. பரிபூரணம் இரண்டாவது கட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கிருபாபாயை அவள் திட்டாத திட்டு இல்லை. தங்கச்சாமியோ பேச்சையே விட்டுவிட்டான். சோறு வைத்தால் தின்பான், எடுத்தால் விடுவான். வேணும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லும் அவனிடம் இல்லாமல் போயிற்று. தூக்கி வளர்த்தவளுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பரிபூரணம் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கிருபாபாய் வெறுங்கையோடு நின்றாள்.

"எதுக்கு வந்தே? பாவம் பாக்கவா?"

"பாவம் பாக்க வந்தா ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்திருப்பேன், மைனி."

"மைனியா? யாருக்கு யாருட்டி மைனி? நீ என்ன என் தம்பி பொண்டாட்டியா?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க தம்பி என்கிட்ட ஒண்ணு கேட்டாவ. பதில் சொல்லுதேன்னிருந்தேன். எனக்குச் சம்மதம்."

கட்டிலில் கிடந்த தங்கச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பினான். "கேட்டவனுக்கு ரெண்டு கால் இருந்துச்சு. அதை மறந்துருங்க."

"கேட்டது வாய்தான? வாய் நல்லாத்தான இருக்கு?" என்றாள் கிருபாபாய்.

பரிபூரணம் பதறிப்போனாள். அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போய்ச் செம்பையும் ஒரு நோட்டுத் தாளையும் எடுத்து வந்தாள். "ஜெபம் பண்ணுவோம். ரெண்டே ரெண்டு சீட்டு. வேணும், வேண்டாம். எது வருதோ அதுக்கு மூணு பேரும் கட்டுப்படணும்."

"அக்கா, சீட்டு வேண்டாம்" என்றான் தங்கச்சாமி.

"ஏம்லே?"

"வேண்டாம்னு வந்துருச்சுன்னா?"

பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கால் போன நாளிலிருந்து அவன் வாய்திறந்து ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

கிருபாபாய் தரையில் உட்கார்ந்தாள். "வேணும்னு வந்தாலும் எனக்குப் போதாது, மைனி. நான் உப்பில்லாமக் கொழம்பு வப்பேன். 'சீட்டுல வந்தவ, என்ன செய்ய'ன்னு நீங்க பொறுத்துக்கிடுவீக. அப்பிடிப் பொறுக்கதுக்கு நான் வரல. நீங்க சொல்லுங்க. நான் வேணுமா, வேண்டாமா?"

தான் ஊரெல்லாம் சொல்லிவந்த சொல்லே தன் முன்னால் வந்து நின்றதும் பரிபூரணம் செம்பை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் கேட்காததை அன்றைக்கு, தான் திட்டித் தீர்த்த பெண்ணிடம் கேட்டாள்.

"சீட்டு அவரு சித்தம் இல்லைன்னா, அந்த மனுசன்ட்ட நான் பட்டதெல்லாம் என்னட்டி? யாருக்காகப் பட்டேன்?"

தெருக்கோடி வரை கேட்கிற அந்தக் குரல் அப்போது அடங்கித்தான் வந்தது. "அந்தச் சீட்டு யாரு சித்தம்னு எனக்குத் தெரியாது, மைனி. தெரிஞ்ச மாதிரிப் பேச மாட்டேன். ஆனா நீங்க வாங்கின அடியை ஆண்டவர் குறிச்சு வச்சாருன்னு மட்டும் சொல்லாதீக. பெத்த மகளை அடிக்க ஆள் வைக்கிற தகப்பன் உண்டா? சரி, ஒண்ணு சொல்லுங்க. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளத்தீகளே, அதுக்குச் சீட்டா போட்டீக?"

"இல்ல."

"ஏன் போடல?"

"போடணும்னு தோணல. அவன் அழுதான். தூக்கினேன்."

"அம்புட்டுத்தான். அவரும் நம்மள அப்பிடித்தான் தூக்கியிருப்பாரு."

சோறு குழைகிற வாசனை வந்தது. பரிபூரணம் எழுந்து போய்ப் பானையை இறக்கினாள். ஆண்டவர் மேல் போடாமல், சீட்டின் மேல் போடாமல், தன் வாயால் ஒன்றை வேண்டும் என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடி கழுவினாள்.

"உப்பில்லாமக் கொழம்பு வச்சா நான் ஏசத்தான் செய்வேன்" என்றாள் அடுப்படியிலிருந்தே.

"ஏசுங்க."

"இந்த வீட்டுக்கு நீ வேணும். நான்தான் சொல்லுதேன். கையைக் கழுவிட்டு வா, சாப்பிட."

கல்யாணத்துக்குப் போதகர் சந்தோஷமாகத்தான் வந்தார். அவருடைய மனைவி மட்டும், "எப்படியோ சீட்டு பலிச்சுட்டு பாத்தியா?" என்றார். கிருபாபாய் சிரித்துக்கொண்டாள். எங்கே பேச வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். சமையல்தான் சொன்னபடியே மோசம். பரிபூரணமும் சொன்னபடியே ஏசினாள். ஆனால் ஒரு தடவைகூட, சீட்டில் வந்தவள் என்று சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் கிருபாபாய்க்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. பார்க்க வந்த ஒருத்தி, "ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள். கிருபாபாய் கட்டிலில் படுத்தபடியே, "என் பிள்ளையக் கொன்னு செய்யுத நோக்கம் அவருக்கு இல்லக்கா. ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. அவரும் இங்கனதான் உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு. அது தெரியும்" என்றாள். பக்கத்தில் இருந்த பரிபூரணம் கிருபாபாயின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதாள். அந்த அழுகையில் தன் பதினாலு வருஷமும் இருந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

நாற்பது நாள் கழித்துக் கிருபாபாய் தறிக்குத் திரும்பினாள். பட்டாள வேலை போய், செயற்கைக் காலோடு நடக்கப் பழகிய தங்கச்சாமியைத் தறிக்கூடத்து ஓனரிடம் கூட்டிப்போய் ஸ்டோர் பொறுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை விட்டு எல்லோரும் ராஜபாளையத்துக்குக் குடிபோவது என்று பேச்சு வந்தபோது பரிபூரணம் ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் காலையில் "போவோம்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது கிருபாபாய் ராஜபாளையத்தில், சத்திரப்பட்டி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு அறை வீட்டில், புருஷனோடும் தாய் பொன்மணியோடும் பரிபூரணத்தோடும் இருக்கிறாள். காலை ஷிப்டில் தறி ஓட்டுகிறாள்.