லிஃப்ட் பக்கத்தில் செப்டம்பர் இரண்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம், மோட்டார் ரிப்பேர், மெயின்டனன்ஸ் கட்டாதவர்களுக்கு மறைமுக வசவு எல்லாம் அதில்தான் வரும். வலது மூலை மட்டும் என் மனைவியுடையது. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். இங்கிலாந்துச் சரித்திரம் பாடத்திட்டத்தை விட்டுப் போன பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. தினமும் பால் வாங்கப் போகும்போது, அதே தேதியில் என்றைக்கோ இங்கிலாந்தில் நடந்த ஒன்றை அங்கே எழுதுவாள். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை எழுதியவன் அவள் புருஷன்.

சென்ற வருடம் அவள் கடைசியாக எழுதியது இது: "செப்டம்பர் 2, 1666. லண்டனில் பெருந்தீ. ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் ஆரம்பம்." மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

அந்த வரி அழியவும் இல்லை. தண்ணீர் கேனில் ஃப்ளாட் நம்பர் எழுதுவதற்காக ஒரு பெர்மனென்ட் மார்க்கரைப் பலகைக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவசரத்தில் அதை எடுத்து எழுதியிருக்கிறாள். படி துடைக்க வரும் பெண் சானிடைசர் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "ஈரத்துல போன மாரி கீது சார். காஞ்சா திரும்பி வருது. பயமா கீது" என்றாள். அதற்குப் பிறகு அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் துடைப்பாள். தீபாவளி, பொங்கல், புயல் எச்சரிக்கை எல்லாம் எழுதி அழிந்தன. மூலையில் மட்டும் செப்டம்பர் இரண்டு. லிஃப்டுக்கு நிற்பவர்கள் அதற்கு முதுகு காட்டி நிற்கப் பழகினார்கள். நான் மாடிப்படியில் ஏறப் பழகினேன். முழங்காலுக்கு நல்லதென்று சொல்லிக்கொண்டேன்.

திதி இந்த வருடம் ஆகஸ்டிலேயே, ஆங்கிலத் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் வந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தேன். முறையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. ஆனால் செப்டம்பர் மூன்று என்கிற நாளை என்ன செய்வது என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் முறை இல்லை.

அப்போதுதான் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சிறுசேரியில் வேலை பார்க்கும் இளைஞர். பலகைக்குப் பதில் டிஜிட்டல் திரை வரப்போகிறது என்றார். ஆள் மூன்றாம் தேதி வருவான்; பழையது காயலான் கடைக்குப் போகும். பலகையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் நெளிந்தார்.

"சார், சங்கத்துப் பொருளை மெம்பர் யாருக்கும் தரக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நீங்கதான் டிராஃப்ட் பண்ணீங்க."

உண்மைதான். விதிவிலக்கே இல்லாமல் எழுதியதில் அப்போது எனக்குப் பெருமை வேறு.

ஆக, அவள் கையெழுத்து துருப்பிடித்த பீரோக்களோடு வண்டியில் போக வேண்டும். இல்லையென்றால் அதற்குமுன் அழிய வேண்டும். அழிக்கும் வழி எனக்கு முதலிலேயே தெரியும். அழியாத மையின் மேலேயே அழியும் மார்க்கரால் எழுதிவிட்டு உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஆபீஸ் பலகைகளில் எத்தனையோ முறை செய்தது. இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி, அவள் பால் வாங்கப் போகும் நேரத்தில் இறங்கினேன். அவள் எழுத்தின் மேல் எழுதினேன். 'ல'வின் சுழி அவளுக்குப் பெரிதாக வரும். மெய்ப்புள்ளி எழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும். 'ஆரம்பம்' வந்தபோது கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. துடைத்தேன். காயும்வரை நின்று பார்த்தேன். திரும்பி வரவில்லை.

அந்தத் தேதியில் இங்கிலாந்துக்கு விசேஷத்தில் பஞ்சமில்லை. மன்னனின் தலையை வாங்கியவர் செத்தது, அமெரிக்காவுக்கு விடுதலை எழுதிக் கொடுத்தது, ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. இவை எதையும் அவள் எழுதமாட்டாள். அங்கே நாட்காட்டியைத் திருத்தியபோது இரண்டாம் தேதி படுத்தவர்கள் பதினான்காம் தேதி எழுந்தார்கள். நடுவில் பதினோரு நாள் கிடையாது. வருடாவருடம் அதைத்தான் எழுதுவாள். நானும் எழுதினேன்: "செப்டம்பர் 3, 1752. இங்கிலாந்தில் இந்த நாள் இல்லை. இரண்டுக்கு அடுத்தது பதினான்கு. யாரும் பிறக்கவில்லை. யாரும் சாகவில்லை."

திரை மாட்டும் ஆளோடு வந்த செயலாளர் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். படி துடைக்கும் பெண் வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், இது மேடம் எழுத்தாச்சே" என்றார் செயலாளர்.

திரும்பிப் பார்த்தேன். 'ல'வின் சுழி பெரிதாக இருந்தது. புள்ளி தள்ளி நின்றது.

"அழியற மைதான்" என்றேன்.

அவர் என்னையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு டிரில்லிங் மெஷினோடு நின்ற ஆளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணா, பதினாலாம் தேதி வாங்க."