மூன்று கால் பூனை போட்ட கோப்பை

என் கடைப் பலகையில் ‘பேனா, நோட்டு, பரிசுப் பொருட்கள்’ என்று பெயிண்டரை ஏணியில் ஏற்றி எழுதவைத்திருக்கிறேன். தெருவில் ஒருத்தரும் அதைப் படிப்பதில்லை. கோப்பைக்கடை என்கிறார்கள். கோப்பையாவது விற்கிறதா என்றால் அதுவும் கிடையாது. பரண் நிறைய பீங்கான் கோப்பைகள் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன. பல வருடமாக நான் சுமக்கும் வயிற்றெரிச்சல் இது. காரணம் வெளியாள் இல்லை, கூடப்பிறந்த அக்கா.

அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை நான் எழுதி முடித்திருக்க மாட்டேன். பாதியிலேயே பிடுங்கி ஒற்றுப்பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாள்.

எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர் அவள். அத்தான் போன பிறகு என் கடைக்கு மேலே இரண்டு அறையில் தனியாக இருந்தாள். வருட ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுப்பது ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு டஸ்டர். மற்றதெல்லாம் டீச்சரின் சாமர்த்தியம் என்பார் ஹெட்மாஸ்டர். பென்சில், பசை, கலர் பேப்பர், மூக்குத் துடைக்கிற காகிதம் வரை அவள் கைக்காசுதான். சமையலறை டப்பாவைத் திறந்தால் பட்டனும் பாசிமணியும்தான் இருக்கும்.

“உங்க அக்கா வீட்டுல சமைக்கிறாங்களா, இல்ல ஒட்டுறாங்களா?” என்று கேட்பாள் என் மனைவி.

காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனாக்களுக்கு ஊசியால் தண்ணீர் ஏற்றிப் பிழைக்கவைப்பாள் அக்கா. பென்சில்களை என் கடைக்குக் கொண்டுவந்து, அட்டை வெட்டும் கத்தியில் பாதியாக நறுக்குவாள்.

“முழுசா குடுத்தா வீட்டுக்குக் கொண்டு போயிடுதுங்கடா. பாதின்னா எந்தப் பிள்ளைக்கும் ஆசை வராது.”

எனக்குக் கத்தி மொன்னையானதுதான் மிச்சம்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் பெற்றோர்கள் டீச்சருக்குப் பரிசு கொடுப்பார்கள். பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது என் கடை ஒன்றுதான். கடையில் சீக்கிரம் எடுக்க வாகாக இருப்பது கோப்பை. ‘அன்பு ஆசிரியைக்கு’ என்று ரோஜாப்பூ போட்டது ஒன்று, ‘உலகின் சிறந்த டீச்சர்’ என்று தங்க எழுத்துப் போட்டது ஒன்று. அக்காவுக்கு டீயும் ஆகாது, காபியும் ஆகாது. எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் குடிக்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வகுப்பே சேர்ந்து கோப்பையாகக் கொடுக்கும்.

ஒரு வருடம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு, கோப்பைகளை இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு கடையின் பின்கதவு வழியாக வந்தாள்.

“இதை எடுத்துக்கிட்டு பென்சிலும் பசையும் குடு.”

“வித்த சாமான் திரும்ப வாங்கற பழக்கம் இல்ல.”

“அப்ப மேல அறைக்கு வாடகை குடுக்கற பழக்கம் எனக்கும் இல்ல.”

அதுவரைக்கும் அவள் வாடகை கொடுத்ததே இல்லை. இருந்தாலும் மாற்றிக் கொடுத்தேன். அப்படி ஆரம்பித்தது. கோப்பையைத் துணியால் துடைத்து மறுபடி அலமாரியில் வைப்பேன், அடுத்த வருடம் இன்னொரு அப்பா வாங்கிப்போவார், மறுநாள் மாலை அது வீடு திரும்பும். சில கோப்பைகள் எனக்கு முகம் பார்த்தாலே தெரியும். தங்க எழுத்து தேய்ந்து ‘உலகின்’ போனதை மட்டும் தள்ளுபடியில் தள்ளிவிடுவேன். அவள் வகுப்புக்குச் சாமான் வந்தது, எனக்குச் சரக்கு தீரவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தோம்.

பிறகு ஒரு வருடம் அவள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அம்மா பஸ் கண்டக்டர். பஸ்ஸுக்குள் பேசிப் பேசி, கடைக்குள் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். விடுமுறை முடிந்து இருவரும் ரப்பர் வாங்க வந்தார்கள். குழந்தை அலமாரியில் இருந்த ஒரு கோப்பையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியது. அடியில் நகப்பூச்சால் ஒரு பூனை வரைந்திருந்தது.

“இது என்னுது.”

“இந்த மாதிரி நிறைய வருது பாப்பா, கம்பெனியிலயே போட்டு வருது” என்றேன்.

“என் பூனைக்கு மூணு கால்தான். நாலாவது காலுக்கு அம்மா பூச்சு தீந்துடுச்சு.”

பார்த்தேன். மூன்று கால்தான்.

குழந்தை அழவில்லை. கோப்பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “மாமா, டீச்சருக்கு என் பூனை பிடிக்கலையா?” என்று கேட்டது. நான் ரப்பருக்குச் சில்லறை தேடினேன். கண்டக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் டிக்கெட் எடுக்காதவன் ஆனேன்.

மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்கியதாம். அக்கா எதையும் தாங்குவாள், இதைத் தாங்கவில்லை. வெந்நீரை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அடியில பாக்கலடா” என்றாள்.

கண்டக்டரம்மா ஹெட்மாஸ்டரிடம் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். ஹெட்மாஸ்டர் அறையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் டீ வந்தது.

“பிள்ளைங்க குடுக்கறதக் கடையில போடறது பள்ளிக்கூடத்துக்கே அவமானம். மேலே எழுதி, உங்ககிட்டேயிருந்து வகுப்ப எடுத்துட்டு ஸ்டோர் ரூம்ல போட வேண்டியதுதான்” என்றார் அவர்.

“ஸ்டோர் ரூம்ல என்ன சார் இருக்கு?” என்றாள் அக்கா. “சாக்பீஸும் டஸ்டரும்தானே?”

கண்டக்டரம்மா டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். ‘சிறந்த டீச்சர்’ என்று இருந்தது, ‘உலகின்’ இல்லை. அடியைத் திருப்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கையில் இருந்தது ரோஜாப்பூ.

“சார், இதுவும் அந்தக் கடைதானா?”

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

“ஆபீசுக்கு மலிவா கேட்டீங்க சார்” என்றேன்.

ஹெட்மாஸ்டர் ரோஜாப்பூவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தார்.

“மேலே ஒண்ணும் எழுத வேணாம் சார்” என்றார் கண்டக்டரம்மா. “என் பொண்ணு ஒரு கேள்வி கேட்டிருக்கா. டீச்சர் அதுக்கு அவகிட்ட பதில் சொல்லட்டும். அவ பேசினா நான் பேசல. அவ பேசலைன்னா நானே எழுதறேன்.”

அன்று சாயங்காலம் அக்கா, கண்டக்டரம்மா, குழந்தை மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். அக்கா முன்கதவு வழியாக வந்து நான் பார்த்தது அன்றுதான். பூனைக் கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பாதிப் பென்சிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“இது யாரு எழுதற பென்சில்?”

குழந்தை பல் பதிந்திருந்த முனையைத் தொட்டுக் காட்டியது. அதன் பென்சில்தான்.

“கப் குடுத்துத்தான் இதை வாங்கினேன். உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். பிடிக்காம குடுக்கல. உன் பூனைய நான் பாக்கவே இல்ல. பாத்திருக்கணும்.”

குழந்தை யோசித்தது. கண்டக்டரம்மாவும் சத்தமில்லாமல் நின்றார், அதுவே ஓர் அதிசயம்.

“அப்ப இந்தப் பென்சில் எல்லாம் என் கப்பா?”

“ஆமா.”

“அப்ப என் பக்கத்துல இருக்கற பையன் என் பென்சிலை ஏன் கடிக்கறான்?”

“நாளைக்கு நீயே கேளு.”

“கேப்பேன்” என்றது குழந்தை. பிறகு கோப்பையை அக்கா பக்கம் தள்ளியது. “இதை வகுப்புல வைங்க. பென்சில் போட்டு வைங்க. பூனை கீழ இருந்து தாங்கிக்கும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். மாற்றிக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. அதனால் பர்ஸைத் திறந்தாள். என் கடையில் அவள் காசு கொடுத்து வாங்கிய முதல் கோப்பை, அவளுக்கே வந்த பரிசு. நானும் வாங்கிக் கல்லாவில் போட்டேன். வியாபாரம் வியாபாரம்தானே.

என் கஷ்டகாலம் அடுத்த விடுமுறைக்கு வந்தது. கண்டக்டரம்மா கடைக்கு வந்து, கோப்பை அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “டீச்சருக்கு என்னண்ணே தீந்துபோச்சு?” என்று கேட்டார். “பசை” என்று வாயைக் கொடுத்தேன். பெரிய பசை டப்பாவை வாங்கி, பளபளக்கிற தாளில் சுற்றி ரிப்பன் கட்டச் சொன்னார். பஸ்ஸில் ஏறிய அத்தனை அம்மாக்களிடமும் அந்தக் குரலில் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் ஒருத்தரும் கோப்பை வாங்கவில்லை. கலர் பேப்பருக்கு ரிப்பன், கத்தரிக்கோலுக்கு ரிப்பன், மூக்குத் துடைக்கிற காகிதத்துக்கும் ரிப்பன். பரிசு கூடாது என்று ஹெட்மாஸ்டர் போட்ட உத்தரவில் பசை வராது என்று அக்கா வாதாடி ஜெயித்தாள். என் கோப்பைகள் பரண் ஏறின. பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது.

பூனைக் கோப்பை அவள் மேஜையிலேயே கடைசிவரை இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அதைப் புது டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, அடியில் பூனை இருக்கிறது, கழுவும்போது தேய்க்காதே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குப் பெற்றோர்கள் பழக்க தோஷத்தில் வழியனுப்பு விழாவுக்கும் பசையும் பென்சிலும் சார்ட்டுமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பே இல்லாத டீச்சருக்கு வருடம் பூராவும் ஒட்டுவதற்குச் சாமான். பழையபடி இரண்டு பைகளோடு பின்கதவு வழியாக வந்தாள். படியேறக்கூட முடியாமல் மூச்சு வாங்கியது. அந்த மூச்சுதான் அந்த மாதக் கடைசியில் அவளைக் கொண்டுபோனது. அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது.

“மறுபடி மாத்தணுமா?” என்றேன்.

“இதெல்லாம் புது டீச்சருக்கு. அவ கேக்க வெக்கப்படுவா, நீயே கொண்டுபோய்க் குடுத்துடு.”

“சரி. உனக்கு?”

ஸ்டூலில் உட்கார்ந்து பரணைப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு கப் எடுத்துக் குடு. வெந்நீர் குடிக்க. உன் பொண்டாட்டிகிட்ட நகப்பூச்சு வாங்கி, அடியில ஒரு பூனை போட்டுக் குடுடா. மூணு கால் போதும்.”