கடற்கரை வீட்டுக்குக் காவிப் பட்டை

எங்கள் கடற்கரை வீட்டைப் புதுப்பிக்கக் கோயமுத்தூரிலிருந்தே ஒரு பெயிண்டரைக் கூட்டிப்போய் விட்டுவந்தோம். காதில் சொருகிய பீடியை அவர் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்ததும் அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனோம். "அது ஊடா? லாட்ஜு" என்று அதுவரை எட்டிப் பார்க்காதவள், காரைவிட்டு இறங்கவில்லை.

மதிலில் நீலப் பட்டை அடிக்கச் சொல்லியிருந்தாள் என் மனைவி. அங்கே கோயில் மதில் மாதிரி காவியும் வெள்ளையும்!

"ஏனுங்க, நீலந்தானே சொன்னேன்?" என்று பெயிண்டரைப் பார்த்துக் கத்தினாள்.

"பட்டைன்னா நம்மூர்ல காவிதானுங்களே அம்மணி. வேணும்னா அழிச்சுப்போடறனுங்க."

"அழிக்க வேண்டாங் கண்ணு, இப்பத்தான் ஊடாட்டம் இருக்குது" என்றபடி அம்மா இறங்கினாள். செருப்பைக் கேட்டருகே கழற்றிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். எனக்கு மூச்சு வந்தது.

கோயமுத்தூரில் கிளம்புமுன் அம்மா பெயிண்டருக்குக் காபி கொடுத்து, இந்த வீட்டைப் பற்றி வெகுநேரம் புலம்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் நிதானமாக அந்தப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.