ரயில் ஏறாத ரூபாய்

போன வருடம் பாலக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி நடந்தது. அதே மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் நான், முதன்முறையாக அதில் ஒரு நாணயம் வைக்கப் போனேன். சந்தையில் சில்லறையோடு வந்த பழைய ஒரு ரூபாய் அது. வழக்கத்தைவிட அகலம், விளிம்பில் இருக்க வேண்டிய கோடுகள் இல்லை. அச்சடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் விலகிப்போனால் இப்படி அகன்றுவிடும் என்று படித்திருந்தேன்.

எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் ‘ரயிலேறின காசு’ என்று ஒரே பதில்தான். தண்டவாளத்தில் காசு வைத்து ரயிலை ஏறவிட்டு விளையாடாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் தட்டையாக எதைப் பார்த்தாலும் பழி ரயில் மேல்தான். என் வீட்டுக்காரர் இன்னும் ஒருபடி மேல். "ஏம்புள்ள, ரயிலேறுன காசைத் தூக்கீட்டுப் பாலக்காடு வரைக்கும் போறயாக்கும்?" என்று கிண்டலடித்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

மண்டபத்திலும் அதே கதை. அச்சுப்பிழை நாணயங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "அக்கா, இது ரயிலேறின காசாக்கும். இங்கே வைக்க முடியாது" என்று திருப்பித் தந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார் பாருங்கள், எனக்கு வந்ததே ஆத்திரம்!

அவர் கையில் வண்டிச் சாவி. சின்ன வயதில் ரயிலேற்றி, துளை போட்டு வைத்திருந்த ஒரு ரூபாய் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பிடுங்கி என் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"லென்ஸ் வெச்சு ரெண்டையும் பாருங்க. இதுதானுங்க நெசமா ரயிலேறுனது. காசுல இருக்கற கதிர்ப் படமெல்லாம் நசுங்கி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிருக்குது. என்ற காசுல ரெண்டு பக்கமும் அச்சு அப்படியே நிக்குது, கதிருல மணியை எண்ணலாமுங்க. ரயிலு ஏறுனா இத்தனை தெளிவா உட்டுட்டுப் போகுமா?"

பொறுப்பாளர் லென்ஸை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

"மன்னிக்கணும் அக்கா. இது அசல் அச்சுப்பிழைதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, மேசையின் நடுவில் இடம் ஒதுக்கினார். அப்பாடா! அங்கேயே துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அன்று சாயங்காலம் வரை வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு காசுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கியது யார் தெரியுமா? சாட்சாத் என் வீட்டுக்காரர்தான்!

இப்போதெல்லாம் யாராவது என் பேச்சைச் சிரித்துத் தள்ளினால் நான் சுருங்கிப்போவதில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.